ஒரு நாளை ஒதுக்குவதற்கே முன்பணம்: நிகழ்ச்சிக் கலைஞர்களும் குடும்பங்களும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, பிள்ளைகளின் பிறந்தநாள், தோட்டத்துக் கோயில் திருவிழா என எந்த விசேஷமானாலும், டி.ஜே., உருமி மேளக் குழு, கோமாளி, மேஜிக் செய்பவர், பலூன் வளைப்பவர் என யாரையாவது வரவழைக்காத வீடு இப்போது அரிதாகிவிட்டது. இவர்களுக்குக் கொடுக்கப்படும் முன்பணத்தைப் பற்றியும், நிகழ்ச்சி ரத்தானால் அந்தப் பணம் யாரைச் சேரும் என்பதைப் பற்றியும் எங்கள் வட்டாரத்தில் ஓயாத சச்சரவு நடக்கிறது. பல காலம் பழகிய குடும்பங்கள் முந்நூறு, ஐந்நூறு ரிங்கிட் வெள்ளிக்காக முகம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் குடும்பம் ஒலி-ஒளிச் சேவை நடத்துகிறது. லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போவது என் கணவரும் மகனும். தொலைபேசியை எடுப்பதும், நாள் குறிப்பதும், பணம் வந்ததற்கு ரசீது அனுப்புவதும் என் பொறுப்பு. அதே சமயம், எங்கள் கோயில் திருவிழாவுக்கு மேளக்காரர்களை ஏற்பாடு செய்யும் குழுவிலும் நான் இருக்கிறேன். ஆகவே பணம் வாங்குபவர்களின் கவலையும் பணம் கொடுப்பவர்களின் கவலையும் எனக்குத் தெரியும்.

ஒரு நாளை மற்ற எவருக்கும் கொடுக்காமல் ஒரு குடும்பத்துக்காக ஒதுக்கி வைப்பதற்காகவே முன்பணம் வாங்கப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. அப்படியானால், நிகழ்ச்சி ரத்தாகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நாள் வீணாகிப் போயிற்றா, அல்லது வேறொருவருக்குக் கைமாறியதா என்பதே. நாள் வீணாகியிருந்தால் கலைஞர் முன்பணத்தை வைத்துக்கொள்வது நியாயம். அதே நாளுக்கு வேறொரு குடும்பத்திடம் பணம் வாங்கி நிகழ்ச்சியும் செய்துவிட்டு, முதல் குடும்பத்தின் பணத்தையும் வைத்துக்கொள்வது நியாயமாகாது. 'முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும் வழக்கத்தை நம்மவர்கள் கைவிட வேண்டும்.

நாளின் மதிப்பு எல்லாருக்கும் எல்லா மாதத்திலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை; புரட்டாசியையும் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் மாதங்களில் முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக அமையும் நாட்கள் சொற்பம். வேலைக்குப் போகிறவர்கள் வர வசதியாக விசேஷத்தைச் சனி, ஞாயிறிலேயே வைக்கிறோம் என்பதால், ஆவணியில் ஒரு முகூர்த்த ஞாயிறு வந்தால் கோலா சிலாங்கூர், ஈஜோக், ரவாங், கிள்ளான் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் அந்த ஒரு நாளுக்கே தொலைபேசி அடிக்கும். அந்த நாளை ஒருவருக்குக் கொடுத்த பிறகு, வரிசையாக மற்றவர்களை மன்னிக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இரண்டு வாரம் இருக்கும்போது முதலில் பதிவு செய்தவர் ரத்து செய்தால், திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் எல்லாம் அதற்குள் வேறு ஆளைப் பிடித்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லோரி வீட்டு வாசலிலேயே நிற்கும். அந்த மாதத்து லோரித் தவணைக்கு அந்த ஒரு நாள் வருமானத்தைத்தான் நம்பியிருப்போம்.

மார்கழி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பாலர் பள்ளியில் நடக்கவிருந்த பிறந்தநாள் விருந்து ரத்தாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளைக் கேட்டு வேறு யாரும் வந்திருக்கப் போவதில்லை. கலைஞர் இழந்தது அந்த ஒரு வேலையின் வருமானம் மட்டுமே. அதைக் காரணம் காட்டி எவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. இந்த இரண்டு ரத்துகளுக்கும் ஒரே விதியை வைப்பது எப்படிச் சரியாகும்? டி.ஜே.க்களுக்கு ஓய்வான ஆடி மாதம் உருமிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் என்பதையும் கவனிக்க வேண்டும். அம்மன் கோயில்களில் தீமிதியும் திருவிழாவும் அடுத்தடுத்து வரும் அந்த வாரங்களில் ஒரு குழுவைப் பிடித்து வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் கோயில் நிர்வாகம், அந்தக் குழுவின் ஓர் ஆண்டு உழைப்பில் பெரும் பங்கைக் கெடுத்துவிடுகிறது.

நிகழ்ச்சி நடக்காவிட்டால் கலைஞருக்கு என்ன செலவு என்று பலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் எங்கள் வாசலில் லோரி ஏற்றுவதை ஒருமுறை வந்து பார்க்கலாம். கனமான பாஸ் ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தூக்க இரண்டு இளைஞர்கள் வேண்டும். அவர்கள் தொழிற்சாலையில் சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வருகிறவர்கள். மிக்சர், லேப்டாப், மைக், விளக்குக் கம்பம், சுருட்டிக் கட்டிய வயர்கள், தோட்டத்துத் திடலாக இருந்தால் ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் முந்தின நாளே சரிபார்க்க வேண்டும். மாப்பிள்ளை பெண் உள்ளே வரும் பாட்டைக் குடும்பத்தார் சொன்னபடி வெட்டி ஒட்டித் தயார் செய்வதற்கு என் மகன் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பான். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு, எங்களைப் போன்ற பலர் முன்பணத்தை உயர்த்தினார்கள். உருமிக் குழுவாக இருந்தால் பத்துப் பதினைந்து பேருக்கு வேன் வாடகையும் சாப்பாடும் சேர்ந்துகொள்ளும். இந்தச் செலவுகளெல்லாம் நிகழ்ச்சி நாள் நெருங்க நெருங்கக் கூடுகின்றனவே தவிர, பதிவு செய்த அன்றே வந்துவிடுவதில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே ரத்து செய்தவரிடமும் முந்தின நாள் ரத்து செய்தவரிடமும் ஒரே தொகையைப் பிடித்துக்கொள்வதற்கு இதனாலேயே நியாயமில்லை.

பணம் கொடுக்கும் குடும்பங்களின் நிலையையும் பார்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. செம்பனைத் தோட்டத்திலோ பக்கத்துத் தொழிற்பேட்டையிலோ அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர் 500 வெள்ளி முன்பணம் கொடுக்கிறார் என்றால், ஒரு மாதச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமாகத் தூக்கிக் கொடுக்கிறார் என்று பொருள். தலைநகரில் ஆடம்பர மண்டபம் பிடிப்பவர்களுக்கு வைக்கும் விதியைத் தோட்டத்துப் பொது மண்டபத்தில் காதணி விழா வைப்பவர்களுக்கும் அப்படியே வைப்பது பொருந்தாது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது இரு தரப்பாருக்குமே சரியாகத் தெரிந்திருப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே குறித்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் அந்தத் தொகைக்கு மேற்போகாமல் நியாயமான இழப்பீட்டையே பெற முடியும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சொத்து விற்பனை வழக்கில் தீர்ப்பளித்த, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், இந்தப் பிரிவு முன்பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் பொருந்தும் என்று கூறியது. பறிமுதல் நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை முறித்தவரைச் சேரும் என்றும் கூறியது. இதை எங்களைப் போன்ற சிறு தொழில் செய்பவர்களின் நிலைக்குக் கொண்டுவந்து பார்த்தால், வேலை நிச்சயமாக நடக்கும் என்ற உறுதிக்காக வாங்கிய சிறு தொகையை வைத்துக்கொள்வதைத் தற்காத்துப் பேச முடியும். மொத்தக் கட்டணத்தில் பாதியையோ முழுவதையோ முன்பணம் என்று வாங்கிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு முன்பே ரத்து செய்தவரிடமும் அதைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்வதைத் தற்காப்பது மிகவும் கடினம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்கு என்று வாங்குவதே போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேல் வாங்குவது முன்பணமாகாது. கட்டணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வசூலிப்பதாகவே அதைக் கொள்ள வேண்டும்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இதில் வருகிறது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய ஒரு பகுதி பின்னர் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. படிக்க முடியாத சிற்றெழுத்தில் விதிகள் இருந்தனவா, அவை புரியும்படி இருந்தனவா என்பதையெல்லாம் அது கணக்கில் எடுக்கச் சொல்கிறது. விளம்பரப் படத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், அதுவும் வாடிக்கையாளருக்குப் பழக்கமில்லாத மொழியில் விதியைப் போட்டுவிட்டு, 'நீங்கள் படிக்கவில்லையா?' என்று கேட்கும் கலைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியது, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம் என்பது. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை; பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லித் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. எடுத்துச் செல்ல எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனவர்கள் அங்கே எதைக் காட்டுவார்கள் என்ற கவலையில் எழுதுகிறேன்.

நம் சமுதாயத்தில் விசேஷங்கள் ரத்தாவதற்கு மிகப் பெரிய காரணம் மனம் மாறுவதோ பணத் தட்டுப்பாடோ அல்ல, வீட்டில் நேரும் துக்கமே. இதைப் பற்றி எந்தக் கலைஞரின் விதிமுறையிலும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் 16ஆம் நாள் கருமக்கிரியை முடியும்வரை மங்கல காரியம் எதுவும் செய்யமாட்டோம். சில குடும்பங்கள் ஓராண்டு வரைகூடத் தள்ளிவைக்கும். எங்களிடம் நாள் குறித்திருந்த ஒரு குடும்பத்தில், பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்குப் பத்து நாள்கூட இல்லாத நிலையில் அப்பாவழிப் பாட்டி தவறிவிட்டார். பிள்ளையின் தகப்பனார் தொலைபேசியில், "அக்கா, பணத்த பத்தி இப்ப பேச முடியல, ஆனா நாள மட்டும் வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றார். துக்க வீட்டிலிருந்துகொண்டு எங்கள் நாள் வீணாகக் கூடாதே என்று நினைத்த மனிதரிடம் முன்பணம் திரும்ப வராது என்று எப்படிச் சொல்வது? ஓராண்டுக்குள் எந்த நாளுக்கு வேண்டுமானாலும் அதே முன்பணத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பினோம். மாசி மாதத்தில் அந்தச் சடங்கு நடந்தது. அதே வீட்டாரின் சொந்தத்தில் அதன் பிறகு பல விசேஷங்களுக்கு எங்களையே கூப்பிட்டார்கள். அதே குடும்பம் பதிவு செய்திருந்த வேறொரு சேவைக்காரர், வேறொரு நாளுக்கு வருவதென்றால் புதிதாக முன்பணம் கட்ட வேண்டும் என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் அவரை மறுபடி அழைக்கவில்லை. துக்கத்துக்காகத் தள்ளிப்போனால் ஒருமுறை இலவசமாக நாள் மாற்றிக் கொடுப்பது என்பதை நம் கலைஞர்கள் எல்லாரும் பொது விதியாகவே ஏற்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் இன்னொரு நிலைமையும் உண்டு. இது தோட்டத்துக்கே உரியது. பதிவு செய்த வீட்டில் எந்தத் துக்கமும் இருக்காது. லோரி தோட்டத்துக்குள் நுழையும்போது, கோயில் முச்சந்தியில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்துவார். மேல் லயத்து வீட்டு வரிசையில் காலையில் ஒரு சாவு, இன்று பாட்டுப் போட வேண்டாம் என்பார். அந்த இடத்தில் எவரும் வாதிடமாட்டார்கள், வாதிடவும் கூடாது. விருந்து அமைதியாக நடந்து முடியும். எங்கள் பெட்டிகள் லோரியிலிருந்து இறங்காமலேயே திரும்பும். இது யாருடைய தவறும் இல்லை என்பதால்தான் இதில் அதிகம் மனக்கசப்பு வருகிறது. அன்று வந்த இளைஞர்களின் கூலியையும் லோரிச் செலவையும் விசேஷ வீட்டார் கொடுத்துவிட வேண்டும், மீதிக் கட்டணத்தைக் கலைஞர் கேட்கக் கூடாது, கொடுத்த முன்பணத்தில் இந்தச் செலவு போக எஞ்சியதை இன்னொரு நாளுக்கு வரவு வைக்க வேண்டும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெரியவர்கள் வேறு வழி சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். ஆனால் ஏதாவது ஒரு வழி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

யாருடைய தவறும் இல்லாத ரத்துகளில் மிகப் பெரியதை நாம் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பங்குனி, சித்திரை, வைகாசி விசேஷங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி வெளிவந்த கோவிட்-19 தற்காலிகச் சட்டம், பாதுகாப்புக்குரிய ஒப்பந்தங்களின் பட்டியலில் திருமணம், விருந்து போன்ற நிகழ்ச்சிகளுக்கான மண்டபம், உணவு, கேளிக்கைச் சேவை ஆகியவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. ஆனால் அதே சட்டம், மார்ச் 18க்கும் சட்டம் வெளியான நாளுக்கும் இடையில் ஏற்கெனவே பறிமுதல் செய்யப்பட்டிருந்த முன்பணங்கள் முறையாகப் பறிமுதல் செய்யப்பட்டவையாகவே கருதப்படும் என்றும் சொல்லிவிட்டது. அந்த ஏழு மாதங்களில் பணத்தை இழந்த குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் கைகொடுக்கவில்லை. பொதுச் சட்டத்தில் வழி இருக்கிறது: செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆவது பிரிவும், அப்படிப்பட்ட நிலையில் முன்பே கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம், பெற்றவர் அதுவரை செய்த செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டமும் கூறுகின்றன. செய்த செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது என்ற இந்த நியாயம், எந்தச் சட்டமும் படிக்காத நம் பெரியவர்கள் சொல்லும் நியாயத்தோடு ஒத்துப்போகிறது.

இதுவரை வாடிக்கையாளர் ரத்து செய்வதைப் பற்றியே எழுதினேன். கலைஞர் ரத்து செய்வது அதைவிடக் கொடியது. ஈஜோக் பக்கம் எங்கள் உறவினர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு ஒரு டி.ஜே.யைப் பல மாதங்களுக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்கு, லோரி பழுது, வர முடியாது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அதே இரவு கிள்ளானில் ஒரு பெரிய கல்யாண மேடையில் அவர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்ததை உறவுக்காரப் பிள்ளைகளே முகநூல் நேரலையில் பார்த்தார்கள். முன்பணத்தைச் சில வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். அதோடு கணக்கு முடிந்தது என்று அவர் நினைத்திருக்கக் கூடும். சீர்த்தட்டுகள் வரிசையாக உள்ளே வரும் நேரத்தில் மேளமும் இல்லாமல் பாட்டும் இல்லாமல், யாரோ ஒரு தம்பி காரைக் கதவருகே நிறுத்தி அதன் ரேடியோவைத் திறந்துவிட்ட கோலத்தை அந்தப் பிள்ளையின் தாயார் இன்றும் சொல்லி வருந்துகிறார். அவருக்குத் திரும்பி வந்த 300 வெள்ளி அந்த மாலைக்கு எப்படி ஈடாகும்?

ஒப்பந்தத்தை முறித்தவர், அதனால் இயல்பாக விளையும் இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. கடைசி நேரத்தில் வேறு ஆளைப் பிடிக்க அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தால், அந்தக் கூடுதல் தொகையைக் கைவிட்டுப் போன கலைஞர் ஏற்க வேண்டும் என்று கேட்பதில் தவறேதும் இல்லை. எனவே கலைஞர் வர முடியாமல் போனால் முன்பணம் முழுவதையும் மூன்று நாளுக்குள் திருப்பித் தருவதோடு, தன் தரத்துக்குக் குறையாத மாற்று ஆளை அதே கட்டணத்துக்கு ஏற்பாடு செய்து தருவதும் தன் கடமை என்று எழுதித் தர வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஒலி-ஒளிச் சேவை செய்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். உண்மையாகவே லோரி பழுதானால் ஒருவருக்கொருவர் பெட்டி கொடுத்து உதவுகிறோம். மனமிருந்தால் இது முடியாத காரியமல்ல. பேசியவர் ஒருவர், வந்து நிற்பவர் இன்னொருவர் என்ற நிலையும் வரக் கூடாது. யார் வருவார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமலே போகும் மோசடிக்காரர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன் அவர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். தொழில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே, மோசடிப் புகார்களை ஏற்கும் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தொழிலைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளியோ 60 வெள்ளியோதான் ஆகிறது. அதைக்கூடச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் முன்பணம் வாங்கும் சக கலைஞர்களை நான் ஆதரிக்கமாட்டேன்.

எழுதி வைப்பது என்றவுடன் முத்திரைத் தாளும் வழக்கறிஞரும் வேண்டும் என்று நம்மவர்கள் மலைத்துப் போகிறார்கள். பணம் கைமாறிய அன்றே வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ஒரு செய்தியே பெரும்பாலான சச்சரவுகளைத் தடுத்துவிடும். நாங்கள் அனுப்புவது இப்படி இருக்கும்: "இன்ன தேதி ஞாயிறு மாலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை, இன்ன மண்டபத்தில், ஒலிபெருக்கி நான்கு, வயர்லெஸ் மைக் இரண்டு, விளக்குகள், ஆள் மூவர். மொத்தம் 1,500 வெள்ளி. இன்று பெற்றது 300 வெள்ளி. மீதி அன்று வேலை தொடங்கும் முன். இரண்டு மாதத்துக்கு முன் ரத்து செய்தால், உங்கள் நிகழ்ச்சிக்காகச் செய்த செலவு போக முன்பணம் திரும்பக் கிடைக்கும். அதன் பிறகு ரத்து செய்தால், அந்த நாளுக்கு வேறு வேலை கிடைத்தால் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் திரும்பக் கிடைக்காது. குடும்பத்தில் துக்கம் நேர்ந்தால் ஓராண்டுக்குள் ஒருமுறை இலவசமாக நாள் மாற்றித் தரப்படும். நாங்கள் வர முடியாமல் போனால் முன்பணம் முழுவதும் மூன்று நாளில் திரும்பும், மாற்று ஆளையும் நாங்களே தருவோம். சம்மதமென்றால் 'சம்மதம்' என்று பதில் அனுப்பவும்." அந்தப் பதில் வரும்வரை நாங்கள் நாள்காட்டியில் வட்டமிடுவதில்லை.

இதைப் படிக்கும் சக கலைஞர்கள் சிலர், நாள் மறுபடி விலைபோயிற்றா என்பதை வாடிக்கையாளர் எப்படி அறிவார், நாமாக ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள், நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி முடியும் முன்பே படமும் காணொளியும் முகநூலிலும் டிக்டாக்கிலும் ஏறிவிடும் இந்தக் காலத்தில் எதையும் மறைக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு தோட்டத்தில் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மச்சான் வீட்டுக் காதணி விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள்; எங்கள் தொழிலுக்கு வேறு விளம்பரமே கிடையாது. இரண்டு பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டதாகப் பெயரெடுத்த ஒருவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

குடும்பங்களின் பக்கத்தில் தடையாக இருப்பது கூச்சம். நம்ம வீட்டுப் பையன், அவனிடம் போய் எழுதிக் கேட்பதா என்று தயங்குகிறார்கள். தெரிந்த பையனிடம்தான் அவசியம் எழுதி வாங்க வேண்டும் என்பேன். தெரியாதவரோடு சண்டை வந்தால் பணம் மட்டும் போகும், தெரிந்தவரோடு வந்தால் உறவும் சேர்ந்து போகும். கோயில்களில் இது இன்னும் முக்கியம். ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறிவிட்டால், முந்தைய செயலாளர் வாய்வார்த்தையாகப் பேசிய மேளத்துக்குப் புதிய பொருளாளர் பணம் தர மறுக்கிறார். கொடுத்த முன்பணத்துக்கு ரசீது இல்லாததால் அது கணக்கிலும் ஏறுவதில்லை. தனி மனிதரின் பெயரில் இல்லாமல் கோயிலின் பெயரில் பதிவு செய்து, கூட்டக் குறிப்பில் தொகையை எழுதி, பணத்தைக் கோயில் கணக்கிலிருந்தே அனுப்பினால் எந்த நிர்வாகம் வந்தாலும் மேளக்காரர் தவிக்கமாட்டார்.

பொது மண்டபங்களை நிர்வகிக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபம் பதிவு செய்ய வருபவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் படிவத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் மேலே நான் எழுதிய செய்தியைப் போன்ற ஒன்றைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தேதியையும் தொகையையும் நிரப்ப இடம் விட்டுக் கொடுத்தால், கலைஞரைப் பேசப் போகும் குடும்பத்தார் அதையே கையில் எடுத்துப் போவார்கள். விசேஷத்துக்காக மண்டபத்தைத் தேடி வரும் எல்லாக் குடும்பங்களும் உங்களிடம்தான் முதலில் வருகின்றன. நாங்கள் பயன்படுத்தும் வாசகத்தைக் கேட்கும் குழுக்களுக்கு எந்தக் கட்டணமும் இல்லாமல் அனுப்பி வைக்க எங்கள் குடும்பம் தயாராக இருக்கிறது. ஆசிரியர் அவர்களே, தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பவர்களின் கடிதங்களை எனக்கு அனுப்பி வைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒலி-ஒளிச் சேவை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.